இடதுபக்க மூலையில் இருந்த பட்டன்

"மேடம், அந்தப் பட்டன் எங்க போச்சு?"

வேலையில் இருந்த காலம் முழுக்க என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கும்போது கேட்பார்கள். பஸ் படியில் கால் வைக்கும்போது போனில் கேட்பார்கள். என் தம்பி மகள் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், பின்வரிசையில் இருந்து எட்டிப் பார்த்து ஒருவர் கேட்டார். ஓய்வு பெற்றால் இந்தக் கேள்வியிலிருந்தும் ஓய்வு கிடைக்கும் என்று நம்பினேன். கிடைக்கவில்லை.

போன மாதம் பிரபு கூப்பிட்டான். எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். கம்பெனியில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் மறுபடி தோற்றத்தை மாற்றப் போகிறார்களாம். இந்தத் தடவை எல்லாம் கண்ணாடி மாதிரி, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிகிற மாதிரி இருக்குமாம்.

"கண்ணாடிதான் ஏற்கெனவே வந்துட்டுப் போயிருச்சேப்பா" என்றேன்.

"அது பழைய கண்ணாடி மேடம். இது வேற" என்றான். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தான். "புதுப் பிள்ளைகளுக்கு ட்ரெய்னிங் இருக்கு. உங்க அனுபவத்த எழுதிக் குடுத்தீங்கன்னா வாசிச்சுக் காட்டலாம்."

ட்ரெய்னிங்கில் வாசிக்கிற மாதிரி இது வருமா என்று தெரியவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

நான் கமுதிப் பக்கம். அய்யா மிளகாய் விவசாயம் பார்த்தார். டைப்ரைட்டிங் முடித்து, மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தேன். பிறகு மண்டபத்துக்குப் பக்கத்தில் நண்டு, இறால், கணவாய் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சிஸ்டம் பார்க்கிற வேலை. 'சிஸ்டம் மேடம்' என்பதே என் பெயராகிவிட்டது. என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மீன் வாடை பழகக் கொஞ்ச காலம் ஆனது. அதற்குப் பிறகு அந்த வாடை இல்லாமல் ஊருக்குப் போனால் தூக்கம் வராது.

சேர்ந்த புதிதில் திரை கறுப்பாக இருக்கும். அதில் எழுத்து மட்டும்தான். பிறகு படம் வந்தது, மவுஸ் வந்தது, ஒன்றின் மேல் ஒன்றாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் வந்தன. ஒரு கம்பெனி போட்ட ஜன்னலைப் பார்த்து அடுத்த கம்பெனி போட்டது. அந்த முதல் கம்பெனியும் எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பார்த்ததைத்தான் எடுத்துக்கொண்டது என்று பின்னால் படித்தேன். யாருடையதை யார் எடுத்தார்கள் என்று கோர்ட்டு வரை போய்ப் பார்த்தார்கள். ஒருவர் திரையில் குப்பைத் தொட்டி வைத்தால் மற்றவர் மறுசுழற்சித் தொட்டி வைப்பார். ஓசியில் கிடைக்கிற லினக்ஸ் இரண்டு பேரிடமும் எடுத்துக்கொண்டது. அதில் ஒரே திரைக்குள் நான்கு டெஸ்க்டாப் வைத்துக்கொள்கிற வசதி நெடுநாளாக இருந்தது, அதை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து செல்போனைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். தெருவில் ஒருத்தி வாசலுக்குப் புது மாதிரி கேட் போட்டால் மூன்று மாதத்தில் தெருவே போட்டுவிடும் அல்லவா, அதே கதைதான்.

எடுப்பதில் எனக்குக் கோபம் கிடையாது. நானும் எடுத்திருக்கிறேன். ஒரு வருடம் லைசென்ஸ் செலவை மிச்சம் பிடிக்கத் தலைமை அலுவலகம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போடச் சொன்னது. பழைய விண்டோஸில் இருந்த அதே நீலப் பட்டை, அதே மூலையில் அதே மாதிரிப் பட்டன், அதே பச்சைப் புல்வெளிப் படம் என்று உட்கார்ந்து ஒப்பனை செய்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து மேனேஜர் வந்து, "எப்ப மாத்தப் போறீங்க?" என்று கேட்டார். மாற்றி ஒரு வாரம் ஆகிவிட்டது என்றேன். அவர் அரை நிமிடம் திரையையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். என் வேலையை யாரும் கவனிக்காததுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

என் கோபமெல்லாம் வேறு. எடுக்கிறவர்கள் உருவத்தை எடுத்துக்கொள்வார்கள். அது ஏன் அந்த இடத்தில் இருந்தது என்பதை விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்தக் காரணத்தைத் தேடிக்கொண்டு என்னைப் போன்ற ஆட்கள் மேசை மேசையாக அலையவேண்டும்.

மேனேஜரைப் பற்றிச் சொல்லவேண்டும். வரதராஜன் சார், திருப்புல்லாணிக்காரர். அவர் எங்களிடம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யார் மீதாவது கோபம் வந்தால் அவரை அறைக்குக் கூப்பிடுவார். எதிரே உட்காரச் சொல்லி, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். டீ வருகிற வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். வந்த டீயை நாம் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் குடிக்கமாட்டார். கிளாஸைக் கீழே வைத்ததும் சொல்லவேண்டியதைச் சொல்லி அனுப்பிவிடுவார். அவர் அறைக்குள் டீ போகிறது என்றால் வெளியே நாங்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறவருக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிடுவோம். நாம் ஏதாவது கேட்டுப் போனாலும் ஒரு வழக்கம் உண்டு. "காரணம் ஒரு வரியில சொல்லுங்க. ரெண்டாவது வரி வந்துச்சுன்னா அது காரணம் இல்ல, சமாளிப்பு" என்பார். மோசமான மனிதர் இல்லை. அவரிடம் சமாளிக்க முடியாது, அவ்வளவுதான்.

இனி ஜெசிந்தா. தங்கச்சிமடத்துக்காரர். கொள்முதல் மேசையில் கிளார்க். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்தப் போட்டு கடலுக்குப் போனால்தான் அவருக்கு வேலை. மாதா மாதம் நிச்சயமாக வீட்டுக்கு வருவது ஜெசிந்தாவின் சம்பளம்தான். இரண்டு பெண்பிள்ளைகளும் அதில்தான் படித்தார்கள். என்னைவிட இளையவர், அதனால் என்னை 'அக்கா' என்பார்.

கொள்முதல் மேசை என்றால் ஏசி அறை என்று நினைக்கவேண்டாம். சரக்கு பிரிக்கிற கூடத்தின் வாசலிலேயே இரண்டு மேசைகள். காலையில் ஏஜெண்டுகள் ஐஸ் போட்ட பெட்டிகளில் சரக்கு கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். பெட்டியைத் தராசில் ஏற்றுவார்கள். கிளார்க் எடையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்கவேண்டும். பிறகு வேறொரு புரோகிராமைத் திறந்து தரத்தைப் பதியவேண்டும். நண்டு என்றால் அளவு, கால் முறிந்தது எத்தனை என்று எல்லாம் வரும். அதன்பிறகு மூன்றாவதைத் திறந்து லேபிள் எடுக்கவேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இதே மூன்று. மூன்றையும் ஸ்டார்ட் பட்டனுக்குள் மேலேயே வரிசையாக வைத்திருந்தேன். வரிசை நகரவில்லை என்றால் பெட்டியில் ஐஸ் உருகும், சரக்கின் தரம் இறங்கும், ஏஜெண்டுகள் சத்தம் போடுவார்கள். ஜெசிந்தாவின் வரிசை எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். மவுஸை இடது கீழ்மூலைக்கு ஒரே தள்ளாகத் தள்ளி, கிளிக் செய்து, மற்றதையெல்லாம் விசைப்பலகையிலேயே முடித்துவிடுவார்.

லினக்ஸை விட்டுத் திரும்ப விண்டோஸுக்கே வந்த பிறகு, நடுவில் ஒரு பதிப்பு வந்தது. டேப்லெட்டைப் பார்த்து எழுதியது. திரை முழுக்க வண்ண வண்ணச் சதுரங்கள். அதில் ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். பட்டனைக் காணோம் என்று கம்பெனியே என் மேசைக்குத் திரண்டு வந்தது. ஜெசிந்தா மட்டும் வரவில்லை. நானே போய், பட்டன் இல்லாமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இருக்குதே அக்கா" என்றார். வழக்கம்போல் மவுஸை மூலைக்குத் தள்ளிக் கிளிக் செய்தார். திறந்தது. அந்தப் பதிப்பில் பட்டனின் படத்தைத்தான் எடுத்திருந்தார்கள், மூலை வேலை செய்துகொண்டிருந்தது. படம் போனதை அவர் கவனிக்கவே இல்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அவரைப் பற்றி எங்களுக்கு வேறு சில எண்ணங்களும் இருந்தன. சாயங்கால ஷிப்டுக்கு எப்போது கேட்டாலும், "சாயந்தரம் கோயில்ல செபமாலை இருக்கு" என்பார். ரொம்ப பக்தி என்று நினைத்தோம். நடக்கும்போது பெட்டிகளில் இடித்துக்கொள்வார். "ஏதோ யோசனையில வந்துட்டேன்" என்று சிரிப்பார். ஆகாயம் பார்த்து நடக்கிறவர் என்று கேலி செய்தோம்.

பிறகுதான் ஸ்டார்ட் பட்டனை நடுவுக்குக் கொண்டுபோன பதிப்பு வந்தது. எதிர்க் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஐகான்கள் கீழே நடுவில் வரிசையாக நிற்கும். பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே முக்கியமான மெனு திரையின் மேல் மூலையில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மவுஸைத் தள்ளினாலும் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் நிற்கிற அழகை எடுத்தவர்கள் அந்த மூலையை எடுத்துக்கொள்ளவில்லை. தங்களிடம் இருந்த மூலையையும் விட்டுவிட்டார்கள். காலியாகக் கிடந்த அந்த இடத்தில் அன்றைய வானிலையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பட்டனை மறுபடி இடதுபக்கம் கொண்டுபோக ஓர் அமைப்பு அதிலேயே இருந்தது. ஆனால் எல்லா மேசையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று சென்னைத் தலைமை அலுவலகம் அதைப் பூட்டிவிட்டது. விசைப்பலகையில் ஸ்டார்ட்டுக்கென்று ஒரு விசை உண்டு. ஈரக்கை பட்டு அது தானாகத் திறந்துகொள்கிறது என்று அதையும் முன்பே முடக்கியிருந்தார்கள். திரையிலோ கீழ்ப்பட்டையிலோ குறுக்குவழி ஐகான்கள் எதுவும் வைக்கக்கூடாது என்றும் உத்தரவு. அந்தக் காலையில் நான் எல்லா மேசைக்கும் போய்ப் புது இடத்தைக் காட்டினேன். பிள்ளைகள் இரண்டு கிளிக்கில் பழகிக்கொண்டார்கள். ஜெசிந்தாவும் "ம், சரி அக்கா" என்றார்.

மறுநாள் அவர் மேசையின் முன்னால் பக்கீர் பாய் நின்றார். பெரியபட்டினத்து நண்டு ஏஜெண்ட். எப்போதும் சண்டைக்குத் தயாராகவே வருகிறவர். ஜெசிந்தா மவுஸை மூலைக்குத் தள்ளிக் கிளிக் செய்தார். பாதித் திரையை அடைத்துக்கொண்டு வானிலையும் செய்தியும் திறந்தன. மூடினார். மறுபடி மூலைக்குத் தள்ளினார். மறுபடி வானிலை.

பாய் எட்டிப் பார்த்தார். "எம்மா, நான் கடக்கரையிலேருந்துதான் வாரேன். மழ வருமா வராதான்னு எனக்குத் தெரியும். நீ எடையப் போடு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தார். அன்றும் அடுத்த நாளும் அவர் வரிசை வாசல் தாண்டி வெளியே நின்றது. அவசரத்தில் முந்தின ஆளின் எடையிலேயே அடுத்த பெட்டிக்கும் லேபிள் எடுத்துவிட்டார். உள்ளே பிரிக்கும்போது கண்டுபிடித்ததால் தப்பித்தோம்.

மேனேஜர் அறைக்குள் டீ போனது.

வெளியே வந்த ஜெசிந்தா என் மேசைக்கு வந்து நின்றார். "இந்த வாரம் பாக்குறாராம். சரியா வரலேன்னா ராத்திரி கேட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு அக்கா" என்றார்.

ராத்திரி கேட்டு என்றால் கன்டெய்னர் லாரிகள் வந்துபோகிற வாசலில் நின்று நம்பர் பார்த்துக் குறிக்கிற வேலை. லாரிகள் பின்னால் எடுத்துக்கொண்டே இருக்கும். தரையில் ஐஸ் தண்ணீர் ஓடும். ஒரே ஒரு விளக்கு. சிரமமான வேலைதான், ஆனால் அதற்காக முகம் இப்படி வெளுக்கவேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. "வாங்க, பக்கத்துல உக்காந்து சொல்லித்தாரேன்" என்று அவர் மேசைக்குக் கூட்டிப்போனேன்.

"பட்டன் நடுவுல இருக்கு. அம்புக்குறிய அங்கன கொண்டுபோங்க" என்றேன். அம்புக்குறி வலது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் மவுஸை அசைத்தார். அம்பு ஓடியது. அவர் கண் அதன் பின்னால் ஓடவில்லை. முகத்தை அசைக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கன இருக்கு பாருங்க" என்று திரையின் கீழ் ஓரத்தில், பட்டன் மேல் விரலை வைத்தேன். "ஆமா" என்றார், விரல் இல்லாத இடத்தைப் பார்த்து. என் கையில் இருந்த பேனாவை அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் நீட்டினேன். ஒன்றும் இல்லை. மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். நேர் எதிரே வந்த பிறகுதான் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"எப்பருந்து?" என்றேன்.

"ரொம்ப நாளா அக்கா. ஓட்ட வழியாப் பாக்குற மாதிரி. ஓட்டைக்குள்ள வாரதெல்லாம் நல்லாத் தெரியும். தராசு தெரியும், எழுத்து தெரியும். சுத்தி ஒண்ணும் தெரியாது. பொழுது சாஞ்சா எதுவுமே தெரியாது. மதுரையில காட்டுனோம். மருந்து இல்லன்னுட்டாக."

செபமாலையின் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூலையின் காரணமும் புரிந்தது. திரையின் நடுவில் அம்பைத் தொலைத்தால் அவருக்கு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூலைக்குத் தள்ளிவிட்டால் தேடவேண்டியதில்லை. எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். இத்தனை வருடம் அந்த ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கம்பெனியிலேயே வேகமான கிளார்க்காக இருந்திருக்கிறார்.

மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்றேன். சட்டப்படி இதற்காக யாரையும் வேலையை விட்டு எடுக்கமுடியாது என்றும் சொன்னேன்.

"வேணாங்க்கா" என்றார். "என் தம்பிக்கும் இதுதான். போட்டுல போயிக்கிட்டிருந்தான். கண்ணுன்னு தெரிஞ்ச அன்னைக்கே எறக்கி விட்டுட்டாக. இப்ப வீட்டுல உக்காந்துருக்கான். அவன் பேரச் சொல்லியே யாரும் கூப்புடுறதில்ல, குருடன்தான். நான் சொல்லிட்டா நாளைக்கு எந்தப் பெட்டியில எடை தப்புனாலும் என் கண்ணத்தான் சொல்லுவாக. பட்டன மட்டும் பழைய எடத்துல வச்சுக் குடுங்க. நான் பாத்துக்கிறேன்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது. எந்த ஊரிலோ யாரோ ஒருவருக்கு நடுவில் இருந்தால் அழகு என்று பட்டிருக்கிறது. இங்கே ஒருத்தி இருட்டில் லாரிக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எந்த மேசைக்கு, என்ன காரணம் என்று மேனேஜர் கையெழுத்தோடு வந்தால்தான் பூட்டைத் திறப்போம் என்றார்கள். காரணம்தான் சொல்லக்கூடாதே. ஒரு யோசனை செய்தேன். ஒரு மேசைக்கு என்று கேட்டால்தானே காரணம் வேண்டும், எல்லா மேசைக்கும் கேட்டுவிட்டால் அவர் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார்.

வரதராஜன் சார் அறைக்குப் போய், எல்லா மேசையிலும் பட்டனைப் பழையபடி இடது மூலைக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்றேன்.

"டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

குடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். கிளாஸை வைத்தேன்.

"காரணம்?"

"மூலையில இருந்தா தேடவேண்டியதில்ல சார்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா எல்லாரையும் கேட்டுருவோம்" என்றார்.

மதியம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கிளார்க்குகள் எல்லாரையும் கேன்டீன் முன்னால் நிற்கவைத்தார். சிஸ்டம் மேடம் பட்டனை மறுபடி மாற்றவேண்டும் என்கிறார், பழைய இடத்தில் வேண்டும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நான் தூக்கினேன். என் கை மட்டும்தான் மேலே நின்றது. "பழகிருச்சு சார்" என்றான் ஒருவன். "இதுதான் சார் நல்லாருக்கு, போன் மாதிரி" என்றாள் லேபிள் பிரிவுப் பெண். என் கூட்டம் அவ்வளவுதான். என்னைப் போல் அலுத்துப்போனவர்கள் உலகம் முழுக்க இருக்கலாம், அந்தக் கேன்டீன் முன்னால் யாரும் இல்லை.

"அப்ப பட்டன்ல பிரச்சனை இல்ல" என்றார் மேனேஜர். "ஜெசிந்தா, திங்கக்கெழமையிலருந்து நீங்க ராத்திரி கேட்டு."

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு தெரியாது சார்" என்றார்.

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"பக்கவாட்டுல எதுவும் தெரியாது. ராத்திரி சுத்தமாத் தெரியாது. மூலையில இருந்தா கை பாத்துக்கிரும். நடுவுல இருந்தா என்னால கண்டுபிடிக்க முடியல." கொள்முதல் விலை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

மேனேஜர் ஜெசிந்தாவின் பக்கம் வந்தார். "நான் ராத்திரி கேட்டுக்கு அனுப்பியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார்.

"போயிருப்பேன் சார். லாரி சத்தம் கேக்கும்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சிஸ்டம் மேடம், அவங்க மெஷின இன்னைக்கே மாத்துங்க" என்றார். தலைமை அலுவலகம் பூட்டி வைத்திருக்கிறது என்றேன். "பூட்டுனவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போங்க." பேசவும் செய்தார். கதவு சாத்தியிருந்தும் அவர் குரல் வெளியே கேட்டது. நான் அங்கே இருந்த காலத்தில் அந்த ஒருமுறைதான் கேட்டது. பிறகு அரசு மருத்துவமனைச் சான்றிதழ், கடிதம் என்று எல்லாம் முறைப்படி நடந்தன, அதை எழுதி உங்களை அலுக்கவைக்க விரும்பவில்லை.

ஜெசிந்தாவுக்கு என் மேல் கோபம். "உங்கள சொல்லச் சொல்லலையேக்கா" என்றார்.

"நான் சொல்லலையே."

"கூட்டம் போடவச்சது நீங்கதான?"

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் நான் சீக்கிரமே போய்க் கொள்முதல் மேசைப் பக்கம் நின்றேன். சேதி ஏஜெண்டுகளுக்கு அதற்கு முன்பே போய்விட்டது. மேசை இரண்டு, வரிசை ஒன்றுதான் இருந்தது. பக்கத்து மேசைக்கு முன்னால் வாசல் வரைக்கும் பெட்டிகள். ஜெசிந்தாவின் முன்னால் ஈரத்தரை மட்டும். அவர் திரையை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்றவர்களும் அவரைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பயந்தது இதைத்தான். மேனேஜரின் கையெழுத்தும் சட்டமும் அவருக்கு மேசையை வாங்கிக் கொடுத்துவிட்டன. மேசைக்கு முன்னால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த அவற்றால் முடியாது.

பக்கத்து மேசைப் பெண் தரத்தில் ஏதோ தப்பாக அடித்துவிட்டு அழித்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளுக்கு அடியில் தண்ணீர் சேர்ந்து ஓட ஆரம்பித்தது. வரிசையின் பின்பாதியில் நின்ற பக்கீர் பாய் தன் பெட்டியைத் திறந்து பார்த்தார், முன்னால் எத்தனை பேர் என்று பார்த்தார், பல்லைக் கடித்தார்.

"ஏலே, தள்ளுங்கலே" என்று தன் ஆட்களிடம் சொல்லிப் பெட்டியை ஜெசிந்தாவின் தராசுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "அங்கன நின்னா நண்டு வெந்துரும்" என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். அன்பெல்லாம் இல்லை. முகத்தில் சந்தேகம் அப்படியே இருந்தது. எடையை ஜெசிந்தா சொன்னதும் தராசை இரண்டு தடவை குனிந்து பார்த்தார். லேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த பெட்டிக்கு ஒரு தடவை பார்த்தார். அதற்கடுத்த பெட்டிக்கு அவர் போனை எடுத்துப் பேசப் போய்விட்டார்.

பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அவர்களுடைய ஐஸும் உருகிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு வரிசையாகிவிட்டது. யாருக்கும் யார் மேலும் இரக்கம் வந்து நடந்ததல்ல என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இரக்கம் இரண்டு நாளில் தீர்ந்துபோகும்.

கடைசிப் பெட்டி உள்ளே போன பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றேன். "மூல சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார். கோபம் இன்னும் பாக்கி இருந்தது. பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நடுவுல ரெண்டு மூணு தடவ அம்பு தொலைஞ்சு போச்சுக்கா. தலைய அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பித் தேடுனேன். எல்லாரும் பாத்தாக. பாத்துட்டுப் போகட்டும்னு தேடுனேன். இத்தன வருசமா ஒருநாளும் அப்படித் தேடுனதில்ல. யாராச்சும் கண்டுபிடிச்சிருவாகளோன்னு கழுத்த அசைக்காமயே உக்காந்திருப்பேன். வீட்டுக்குப் போனா ராத்திரியெல்லாம் கழுத்துல வலி உசுரு போகும்."

ஒரு தடவை இடமும் வலமும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்கு வலிக்கலக்கா" என்றார்.